விட்டுப்போன வசை

செவ்வாய், காலை 6.10.

யுஸ்னிமார் மகளின் அறைக் கதவைத் தள்ளினாள். படுக்கை விரிப்பு கசங்காமல் கிடந்தது. பள்ளிச் சீருடை ஆணியில் தொங்கியது. பதினான்கு வயது ஸல்வாவைக் காணவில்லை. குளியலறைக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டியின் அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. தோள்வரை கையை விட்டு எடுத்தாள். மகளின் கைப்பேசி.

6.40க்கு அவளுடைய அண்ணன் மழையோடு வந்து சேர்ந்தார். பாடாங் பாஞ்சாங் ஊரில் அவரை டத்துக் மாராஜோ என்றால்தான் தெரியும். குலத்தின் தலைவருக்குக் குலமே சூட்டும் பட்டம் அது. பட்டம் வந்தபின் பெற்றோர் வைத்த பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் காவல் துறையில் இருந்து, குற்றப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றுப் பதினொரு மாதம் ஆகிறது. முதுகு இன்னும் வளையவில்லை. மீசையும் அப்படித்தான்.

அவர் வாழ்வது மனைவி வீட்டில், மனைவியோடும் மகளோடும். ஆனால் அவருடைய பொறுப்பு தங்கை வீட்டில். மினாங்கபாவ் மக்களில் பிள்ளைகள் தாயின் குலம்; அவர்களுக்காக ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தாய்மாமன். ஸல்வாவின் தகப்பன் ஜகார்த்தாவில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறான். ஆகவே ஸல்வாவுக்கு ஒரு தீங்கு என்றால் அது டத்துக் மாராஜோவின் முகத்தில் விழுந்த அடி.

7.25. பேருந்து நிலையத்தில், பாடாங் நகரத்துக்குப் புறப்படவிருந்த சிற்றுந்தின் கடைசி இருக்கையில் அவளைக் கண்டுபிடித்தார்கள்.

"எங்க இறங்கணும்னு நாலு தடவ கேட்டேன் டத்துக்," என்றான் ஓட்டுநர். "வாயத் தொறக்கல. காசை மட்டும் நீட்டிக்கிட்டே இருந்துச்சு."

தாயிடமும் வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் தொண்டையைப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். மதியம் ஸல்வா ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள்: "இனிமேல் பேச மாட்டேன்."

அவளுக்குத் திக்குவாய். அதைச் சட்டை செய்யாமல், மாவட்ட மேடைப் பேச்சுப் போட்டிக்குத் தானே பெயர் கொடுத்தவள். போட்டி வரும் சனிக்கிழமை. ஒரு மாதமாகத் தினமும் மாலையில் டத்துக் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் இருந்தால் அவளுக்குப் பேச்சு வந்தது. அவ்வளவுதான் அவர் செய்தது.

*

செவ்வாய், மாலை 4.15.

"ஊருக்கே தெரியுமாம் அண்ணே. எனக்கு மட்டும் தெரியல," என்று யுஸ்னிமார் தன் கைப்பேசியை நீட்டினாள்.

இணையத்தில் ஒரு பக்கம். நடத்துபவர் பெயரில்லை. தலைப்பு 'கெட்டுப்போன ரேடியோ'. பத்தொன்பது நாளில் நாற்பத்தொரு பதிவுகள். முதல் பதிவே நாற்பத்தெட்டு விநாடி ஒலிப்பதிவு: ஸல்வா தன் பேச்சைப் பேசிப் பார்க்கிறாள், திக்குகிறாள், மறுபடி திக்குகிறாள். பின்னால் தையல் இயந்திரம் ஓடுகிறது. யாரோ அதற்குத் தாளம் சேர்த்து ஆடினார்கள். யாரோ அவள் படத்தை வெட்டி ஒட்டுப்படமாக்கினார்கள். பள்ளியில் நானூறு பேருக்கு மேல் கேட்டாயிற்று.

டத்துக் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். நாற்பத்தொரு பதிவையும் படித்துப் பிரித்து எழுதினார். திக்குவாய். தாயின் தையல் கூலி. ஓடிப்போன தகப்பன். ஒழுகும் கூரை. ஒட்டுப்போட்ட காலணி.

"வீட்டுக்குள்ள வந்து பார்த்தவங்க வேலை இது," என்றார். "உன் மெஷின் சத்தம்கூட இருக்கு. இந்த ஒரு மாசத்துல யார் யார் வந்தாங்க?"

"முக்காட்டுத் துணி குடுக்கற ரெண்டு பொம்பளைங்க. கேஸ் சிலிண்டர் போடறவன். அப்புறம் அந்த ரஃப்கிப் பையன், அவ கிளாஸ்தான். ஒரு சனிக்கிழமை நோட்டு வாங்க வந்தான்."

"எவ்வளவு நேரம் நின்னான்?"

"கால் மணி நேரம், ஜன்னல்கிட்ட. நல்ல மழை."

"வேற?"

"வேற யாரும் வரல அண்ணே."

கதவு தட்டப்படாமலே திறந்தது. டத்துக்கின் மகள் நதீரா தூக்குப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். ஸல்வாவைவிட ஒரு வயது மூத்தவள், அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு.

"அப்பா, வாழைப்பழம் வறுத்தது. சூடா சாப்பிடச் சொன்னாங்க அம்மா."

யுஸ்னிமார் தையலிலிருந்து தலை தூக்காமலே ஒரு கையால் பாத்திரத்தை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"பேசினாளா அத்தை?"

"இல்லம்மா."

நதீரா மூடிய அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டத்துக் ரஃப்கியின் பெயருக்கு அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, நீ போ," என்றார்.

*

புதன், பிற்பகல் 2.30.

ரஃப்கியின் தாய்மாமன் சுத்தான் மூடோ சந்தையில் சாத்தே கடை, குச்சியில் குத்திக் கரியில் சுடும் இறைச்சிக் கடை, வைத்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கடையைச் சாலையோரத்திலிருந்து நகர்த்தியது டத்துக்தான். அதன்பின் இருவரும் மசூதியில்கூட ஒரே வரிசையில் நிற்பதில்லை.

"வாங்க டத்துக். சாத்தே சாப்பிடவா, விலங்கு மாட்டவா?"

"பையனைக் கூப்பிடு."

"கூப்பிடறேன். ஆனா பக்கத்துல நான் நிப்பேன். உங்க மருமக உங்களுக்கு எப்படியோ, அப்படித்தான் எனக்கு இவன்."

ரஃப்கி வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த பையன். கண்ணைப் பார்த்துப் பேசினான். அதுவே டத்துக்குக்குப் பிடிக்கவில்லை.

"அந்தக் குரலை உன் கிளாஸ் குரூப்ல முதல்ல போட்டது யாரு?"

"நான்தான்."

"அந்த ரேடியோ பக்கத்துல வந்து ஒன்பதே நிமிஷத்துல."

"போன் கையில இருந்துச்சு."

"ஜன்னல்கிட்ட நின்னு பதிஞ்சதும் நீதான்."

"இல்ல டத்துக். நான் வந்த அன்னிக்கு அவ தூங்கிட்டிருந்தா. நோட்டை எடுத்துக் குடுத்ததே உங்க தங்கச்சிதான். கேட்டுப் பாருங்க."

"பக்கத்தை நடத்தறது நீ இல்லைங்கிற."

"நான் நடத்தினா முதல்ல உங்களைத்தான் வெச்சு செஞ்சிருப்பேன்."

சுத்தான் மூடோ கரி விசிறும் விசிறியால் அவன் தலையில் ஒன்று போட்டார்.

"அடிக்காத. சொல்லட்டும்," என்றார் டத்துக்.

பையன் தலையைத் தடவிக்கொண்டான். "ஒரு கமெண்ட் போட்டேன். 'இவளுக்கு மாமன் இருக்காரா, இல்ல மீசை மட்டும்தான் இருக்கா'ன்னு. ரெண்டு நிமிஷத்துல தூக்கிட்டாங்க. மறுபடி போட்டேன். மறுபடியும் தூக்கிட்டாங்க. என் ஃப்ரெண்ட் உங்களைப் பத்திப் போட்டதும் போச்சு. அவ அம்மாவைப் பத்தி எத்தனை பேர் என்னென்னவோ போட்டாங்க. அதெல்லாம் அப்படியே நிக்குது."

"மீசையாம்ல," என்று சுத்தான் மூடோ கரியைப் பார்த்துச் சொன்னார். சிரிப்பை விசிறி மறைத்தது.

டத்துக் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை. பெயரில்லாத அயோக்கியன்கூட ஒரு பட்டத்துக்கு அஞ்சத்தான் செய்கிறான் என்று மனதுக்குள் ஒரு நிமிர்வு வந்தது. அந்த நிமிர்வோடு சந்தையைவிட்டு வெளியேறினார்.

4.00 மணிக்குத் தலைமையாசிரியை எர்மிதாவின் அழைப்பு.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க டத்துக். குரலை முதல்ல பரப்பினது ரஃப்கிதானே, அவனைப் பள்ளியிலேர்ந்து அனுப்பிடறதுன்னு முடிவு. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

"வரேன்," என்றார்.

*

புதன், மாலை 5.10.

தங்கை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்த நாற்பத்தெட்டு விநாடியை மறுபடி ஓடவிட்டார். மூன்றாவது முறை ஓடும்போது ஸல்வாவின் கதவுக்கு அடியிலிருந்து ஒரு துண்டுத் தாள் வெளியே வந்தது.

"நிறுத்துங்கள் மாமா."

சத்தத்தைக் குறைத்துக் கைப்பேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். அப்படிக் கேட்டபோதுதான் அது கேட்டது. ஸல்வாவின் குரலுக்குப் பின்னால் தையல் இயந்திரத்தின் ஓட்டம் ஓரிடத்தில் வெட்டுப்பட்டுக் குதித்தது. இன்னும் சற்றுப் பொறுத்து மறுபடி ஒரு குதிப்பு.

"உன் மெஷினைக் கொஞ்சம் ஓட்டு," என்றார்.

யுஸ்னிமார் ஓட்டினாள். ஒரே சீரான ஓட்டம். எங்கும் குதிக்கவில்லை.

காதில் வைத்து விரல் விட்டு எண்ணினார். ஸல்வா திக்குவது எட்டு இடத்தில். குதிப்பும் எட்டு. ஒவ்வொரு திக்கலுக்கும் அடுத்த நொடியில் ஏதோ வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் தினமும் என்ன ஒலி இருந்தது என்று அவருக்குத் தெரியும். அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

அழிக்கப்பட்ட கருத்துகள் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தன. காவல் துறையில் இருந்த காலத்தில் அவரைப் பற்றி எத்தனை சுவரில் எழுதினார்கள், அவருடைய வண்டிச் சக்கரத்தை எத்தனை முறை கிழித்தார்கள்! எந்த அயோக்கியன் எந்தப் பட்டத்துக்கு அஞ்சினான்? மேசைமேல் அன்றைய தூக்குப் பாத்திரம் திறக்கப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார்.

5.40க்கு அவருக்குப் பெயர் தெரிந்துவிட்டது.

அந்தப் பெயரை அவர் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நாளை ஒரு கையெழுத்து போதும். அவருடைய குலத்தின் பெயர் நிற்கும், மனைவி குலத்தின் பெயரும் நிற்கும். சாத்தேக்காரன் வீட்டுப் பெயர் மட்டும் கெடும். ஊர் அதைத்தான் எதிர்பார்த்தது. சற்று முன்புவரை அவரும் அதைத்தான் விரும்பினார்.

*

வியாழன், காலை 10.00.

தலைமையாசிரியையின் அறையில் மேசைக்கு இருபுறமும் நாற்காலிகள். ஒருபுறம் ரஃப்கி, அவன் பக்கத்தில் நல்ல சட்டை போட்ட சுத்தான் மூடோ. எதிரே டத்துக் மாராஜோ. நடுவில் தாள்.

டத்துக் பேனாவை எடுத்தார். பார்த்தார். மூடி வைத்தார்.

"இந்தப் பையன் இல்லை," என்றார்.

எர்மிதா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப யாரு டத்துக்?"

"ஒன்பதாம் வகுப்பிலேர்ந்து நதீராவைக் கூப்பிடுங்க. போனோட வரச் சொல்லுங்க."

"உங்க மகளையா? சாட்சி சொல்லவா?"

"சாட்சிக்கு இல்ல."

நதீரா வந்து கதவருகே நின்றாள். உட்கார யாரும் சொல்லவில்லை. டத்துக் மகளைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துப் பேசினார். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் அதே குரல்.

"நாற்பத்தொரு பதிவு. அந்தப் பொண்ணோட அம்மா, அப்பா, வீடு, செருப்பு, எல்லாத்தையும் கிழிச்சாச்சு. மாமனைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நம்ம ஊர்ல ஒரு பிள்ளையைக் கேவலப்படுத்தணும்னா வாயில முதல்ல வர்றது என்ன? 'உனக்கு மாமன் இல்லையா'ன்னுதானே? அது இங்க இல்ல. மத்தவங்க போட்டதையும் அழிச்சிருக்கு. ரஃப்கி எனக்கு அதை நேத்தே சொன்னான். நான் என் பட்டத்துக்குக் குடுத்த மரியாதைன்னு நெனச்சேன். முப்பத்து நாலு வருஷம் இந்த வேலை பார்த்தவன், ஒரு பள்ளிக்கூடப் பையன் கையில குடுத்த துப்பைப் பெருமையில கோட்டை விட்டேன்."

சுத்தான் மூடோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது, அந்தக் குரல். ஸல்வா எட்டு இடத்துல திக்கறா. ஒவ்வொரு தடவையும் பக்கத்துல உட்கார்ந்து நான் பேசியிருக்கேன். ஊரைச் சிரிக்க வைக்கணும்னா ஒரு மீசைக்காரன் குழந்தையைக் கொஞ்சற மாதிரிப் பேசறதை யாராவது விடுவாங்களா? அதுதானே பெரிய வேடிக்கை? எட்டு இடத்துலயும் என்னை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டியிருக்காங்க. என்னைச் சிரிப்புக்கு ஆளாக்க மனசு வராத ஒருத்தர். தினமும் அந்த நேரத்துக்கு அந்த வீட்டுக்குள்ள வர்ற ஒருத்தர். வந்தவங்க யாருன்னு என் தங்கச்சியைக் கேட்டேன். அவ சொல்லல. மறைக்கல, நம்ம பிள்ளைன்னு கணக்குல சேர்க்கல. அவ்வளவுதான்."

இப்போதுதான் மகளைப் பார்த்தார்.

"பலகாரம் கொண்டுவர்ற பிள்ளை."

நதீரா மறுக்கவில்லை. கைப்பேசியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். எர்மிதா எடுத்துப் பார்த்தார். 'கெட்டுப்போன ரேடியோ' அதில்தான் இருந்தது. அதன் அருகில் ஒலிப்பதிவுகள் வரிசையாக இருந்தன. 'அப்பா 1'. 'அப்பா 2'. இருபத்தாறு வரை போயிற்று.

"இது என்னம்மா?"

"வெட்டி எடுத்தது," என்றாள் நதீரா.

எர்மிதா ஒன்றைத் தொட்டார். ஸல்வாவின் குரல் இல்லை. டத்துக்கின் குரல் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்பட்டு. *மெதுவா வாடா கண்ணு. வார்த்தை எங்கயும் ஓடிடாது. நான் இருக்கேன்ல. ஆமா, அப்படித்தான். மெதுவா.*

டத்துக் அந்தக் குரலை வேறு யாருடையதோ போலக் கேட்டார்.

"இப்படிப் பேச உங்களுக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாதுப்பா," என்றாள் நதீரா. "வீட்டுல மூணே வார்த்தைதான். சாப்டியா, படிச்சியா, போ. முதல்ல கேக்கறதுக்குத்தான் பதிஞ்சேன். ராத்திரி காதுல வெச்சுக் கேப்பேன். அப்புறம் ஒரு நாள் அவ குரலை மட்டும் தனியாக் கேட்டேன். கோவம் வந்துச்சு."

"அவ பேச்சே நின்னு போச்சு நதீரா."

"அவ பேச்சு நிக்கும்னு நெனக்கல. நீங்க அங்க போறது நிக்கும்னு நெனச்சேன்."

காரணம் இருந்தது. காரணம் குற்றத்தைக் குறைப்பதில்லை என்று அவர் எத்தனையோ தகப்பன்மாரிடம் சொல்லியிருக்கிறார். இப்போது அதைத் தனக்கே சொல்லிக்கொண்டார். அது அப்போதும் உண்மையாகத்தான் இருந்தது.

எர்மிதா தாளைத் திருப்பி வைத்தார். "பெயரை மாத்தி எழுதணும். இந்தப் பொண்ணுக்காகப் பேச அவளோட மாமன் வரணுமே. யாரு?"

"என் மச்சினன். பாத்தாம் தீவுல கப்பல் பட்டறையில. வந்து ஆறு வருஷம் ஆகுது."

"அப்ப அந்தப் பக்கம் யார் உட்கார்றது?"

டத்துக் எழுந்தார். பாதிக்கப்பட்ட குலத்தின் தலைவராக உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கையாலேயே தூக்கி மேசையைச் சுற்றிக் கொண்டுபோய்ச் கதவருகே நின்ற மகளுக்குப் பக்கத்தில் போட்டார். அப்படி ஒரு முறை கிடையாது. தகப்பனுக்கு அந்தப் பக்கம் பேச்சே கிடையாது.

"தகப்பன் உட்கார்றேன். வழக்கம் தப்புன்னா எனக்கு அபராதம் போடட்டும்," என்றார். பிறகு ரஃப்கியைப் பார்த்தார். "தம்பி, நான் உன்னைத் தப்பா நெனச்சேன். மன்னிச்சிடு."

பையன் விழித்தான். மாமனைப் பார்த்தான். சுத்தான் மூடோ விசிறியில்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலில் தேய்த்தார்.

"நானும்தான் பரப்பினேன் டத்துக்," என்றான் ரஃப்கி மெல்ல. "ஒன்பது நிமிஷத்துல."

"அதுக்குத் தனியா பதில் சொல்லு. திருடு போன நகையை நான் அடகுக் கடையிலேர்ந்து மீட்டுக் குடுத்திருக்கேன். இதை எப்படி மீட்கறது? நானூறு போன்ல கிடக்கு. இவ ஒவ்வொரு வகுப்பா போய் நின்னு, நான்தான் செஞ்சேன், அழிச்சிடுங்கன்னு தன் வாயால கேக்கணும்."

"நானும் கூடப் போறேன். நான் குடுத்தவங்க எனக்குத் தெரியும்," என்றான் ரஃப்கி.

அன்று மதியத்துக்குள் பன்னிரண்டு வகுப்பு. முதல் வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நான்காவதில் ஒருவன் திக்கிக் காட்டினான். ஏழாவது வகுப்பில் ஒரு சிறுமி தானாக எழுந்து, தன் கைப்பேசியில் அழித்ததை ஆசிரியரிடம் காட்டினாள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. தாழ்வாரத்தின் முனையில் டத்துக் நின்றிருந்தார். ஒவ்வொரு கதவிலிருந்தும் மகளின் குரல் வரும்போது அவருடைய முதுகு சற்றே வளைவதை எர்மிதா பார்த்தார்.

*

வியாழன், மாலை 4.30.

யுஸ்னிமார் எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என் கண்ணெதிர்லதான் வந்துட்டுப் போனா," என்றாள். "ஒரு நாளாவது உட்காரு, நீயும் ஒண்ணு தின்னுன்னு நான் சொல்லல அண்ணே."

ஸல்வாவின் கதவு திறந்தது. எவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாளோ! வந்து வழக்கமான இடத்தில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை போட்டிக்கு..." என்று தொடங்கினார்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அது முடிந்துபோன பேச்சு.

மடியில் வைத்து எதையோ எழுதினாள். இரண்டு வரி. நீட்டினாள்.

"இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள் மாமா. நதீரா தனியாக அழுதுகொண்டிருப்பாள். எனக்கு அம்மா இருக்கிறாள்."

டத்துக் மாராஜோ அதைப் படித்தார். மறுபடி படித்தார். எத்தனையோ பேரைப் பேசவைத்த மனிதர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். மறுபடியும் அந்த எழுத்துதான் வந்தது.

ஸல்வா அவர் முகத்தைப் பார்த்தபடி, அவசரப்படுத்தாமல், காத்திருந்தாள்.